வேலை அலுவலகத்தில் நாமும் அலுவலரும்

தோட்டத்து வேலை போய், வேறு வேலை தேடி ஜார்ஜ் டவுனுக்கோ பட்டர்வொர்த்துக்கோ போகிறவர்கள் நம்மில் பலர். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலர் இருக்கிறார். அவர் மலாய்க்காரராகவோ, சீனராகவோ, பட்டணத்தில் வளர்ந்த தமிழராகவோ இருக்கலாம். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனாலும் பல சமயம் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டுவதில்லை. அது ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

முதற் காரணம் நம் பழைய கதையில் இருக்கிறது. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் பதிவாகிக் கப்பலேறினார்கள். பினாங்கில் இறங்கியபோது பலரை ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். 1938-ல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இப்படித்தான் ஆள் வந்தது. தோட்டத்திலும் விடியுமுன் பெரட்டில் நின்றால், இன்று என்ன வேலை என்பதைத் தண்டலும் கிராணியுமே சொன்னார்கள். “உனக்கு எந்த வேலை பிடிக்கும்?” என்று யாரும் கேட்டதில்லை. பிறகு 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த குடும்பங்கள் கலங்கின. பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். ஆகவே, “பத்திரத்தைக் காட்டுங்கள்” என்று அலுவலர் இயல்பாகக் கேட்டாலும் நம் பெரியவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்தக் கதையை அறியாத அலுவலர், ‘இவர் எதையோ மறைக்கிறார்’ என்று எண்ணிவிடக்கூடும்.

இரண்டாவது, பழக்கவழக்கம். பெரியவர் முன் தலை குனிந்து நிற்பது நமக்கு மரியாதை. “எந்த வேலையானாலும் சரிங்க ஐயா” என்பது நமக்குப் பணிவு. அலுவலருக்கோ, ‘இவருக்கு அக்கறை இல்லை, என்ன வேண்டுமென்றே தெரியவில்லை’ என்று படுகிறது. அவருடைய பாரத்தில் ‘எந்த வேலையானாலும்’ என்று எழுதக் கட்டம் கிடையாது.

மூன்றாவது, சொல். இதில்தான் பணமே போய்விடுகிறது. வேலை இழந்தவர்களுக்காக சொக்சோவின் கீழ் 2018-ல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ளவர் வேலை போன 60 நாட்களுக்குள் மனுச் செய்தால், வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை பெறலாம். ஆனால் தாமாகவே வேலையை விட்டவருக்கு இது பொதுவாகக் கிடையாது. நம்மவர்களோ ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டாலும், கௌரவம் கருதி, “நின்னுட்டேன்” என்பார்கள். அதை மலாயில் ‘பெர்ஹெந்தி’ என்று சொன்னால், தாமே விலகியதாகப் பொருள். நிறுத்தப்பட்டவர் சொல்ல வேண்டியது ‘டிபெர்ஹெந்திக்கான்’. இந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு அடங்கியிருக்கிறது. தோட்டம் கொடுத்த நிறுத்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அலுவலரும், “நீங்களாக விலகினீர்களா, அவர்கள் நிறுத்தினார்களா?” என்று இன்னொரு முறை கேட்டால் நல்லது.

நான்காவது, அனுபவம். “என்ன தெரியும்?” என்று கேட்டால், “வெறும் பால்வெட்டுதான்” என்கிறோம். வெறும் பால்வெட்டா? மரத்துக்குக் காயம் படாமல், பட்டையைச் சரிவாக, மெல்லியதாகச் சீவுவது கைத்திறன். நூற்றுக்கணக்கான மரங்களை விடிகாலையில், நேரம் தவறாமல், மேற்பார்வை இல்லாமல் முடிப்பது பொறுப்பு. 1972-ல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது முதல், மின்னணுத் தொழிற்சாலைகள் தேடி வந்ததும் இத்தகைய கைத்திறனையும் நேர ஒழுங்கையும்தானே! ஆகவே அவற்றைப் பெயர் சொல்லிக் கூறுங்கள்: எத்தனை ஆண்டு, எத்தனை மரம், மருந்து தெளித்த பழக்கம் உண்டா, லாரி ஓட்டத் தெரியுமா என்று. வீட்டில் பிள்ளைகளை வைத்து ஒருமுறை மலாயில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பின்னால் விதிமுறை இருக்கிறது. முன்னால் நீண்ட வரிசை இருக்கிறது. அவர் அதிகம் கேள்வி கேட்பது சந்தேகத்தால் என்று கொள்ளாதீர்கள். புரியாவிட்டால், “மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா” என்று கேட்பதில் குறைவில்லை. தமிழ் அலுவலர் என்றால் எல்லாம் தாமாகப் புரிந்துகொள்வார் என்றும் நினைக்க வேண்டாம். லயத்தில் வாழாதவருக்கு லயத்து வாழ்க்கையை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முடிவாக ஒன்று. இன்று நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் பலர் இருக்கிறார்கள். மொழி தெரியாமல், கையில் ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் அந்த இளைஞனைப் பாருங்கள். நம் பாட்டனும் இதே பினாங்குத் துறையில் அப்படித்தான் நின்றார். நம்மை ஓர் அலுவலர் பொறுமையோடு கேட்க வேண்டும் என்று விரும்புகிற நாம், அவனிடமும் அதே பொறுமையோடு இரண்டு வார்த்தை பேசுவோம்.