கிருமியை வேட்டையாடும் கிருமி

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்கள் பலர் இப்போது மூச்சடக்கி முங்குவதில்லை. படகிலுள்ள கம்ப்ரசரின் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருக்கிறார்கள். சட்டென்று மேலே வந்தால் உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கக்கூடும், கால் மரத்துப்போகும். கரையில் உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிகிறவர்களும் உண்டு.

கால் போனது எல்லோருக்கும் தெரிகிறது. சிறுநீர்ப்பையும் கட்டுப்பாட்டை இழந்திருப்பது வீட்டாருக்குப் பிறகுதான் புரிகிறது. சிறுநீர் தானாகப் பிரியாதவர்களுக்குத் தினமும் பல முறை டியூப் போட்டு எடுக்கவேண்டும். சிலருக்கு டியூப் உள்ளேயே இருக்கும். ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் டியூபின் சுவரில் வழவழப்பான படலம் கட்டிக் குடியேறுகின்றன. ஆன்டிபயாடிக்குக்கு அந்தப் படலம் எளிதில் மசியாது. காய்ச்சல், மாத்திரை, கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி காய்ச்சல். ஒவ்வொரு சுற்றிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சுகின்றன. வாழ்நாள் முழுக்க இப்படி அல்லாடுகிறவர்களுக்கு இன்னொரு வழி வேண்டாமா?

அந்த வழியாக வளரக்கூடியது ஃபேஜ். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ் இது. மெல்லிய கால்களால் பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்துகிறது. சுமார் அரைமணி நேரத்தில் உள்ளே நூறளவில் குட்டிகள் பெருகி, பாக்டீரியா வெடிக்கிறது. மனித செல்லை அது தொடுவதில்லை. பாக்டீரியா எங்கே அதிகமோ அங்கேதான் ஃபேஜும் அதிகம்; எனவே சாக்கடையில் தேடுகிறார்கள். சாக்கடை நீரிலிருந்து பாக்டீரியாவை வடிகட்டி நீக்கிவிட்டு, நோயாளியின் கிருமி படர்ந்த தட்டில் ஒரு சொட்டு விடுவார்கள். அந்தக் கிருமிக்கேற்ற ஃபேஜ் இருந்தால், மறுநாள் மங்கலான பரப்பில் அந்த இடம் மட்டும் தெளிந்திருக்கும்.

சிக்கலும் இங்கேதான். ஒரு ஃபேஜ் ஈ.கோலையிலேயே சில வகைகளை மட்டும் பிடிக்கும். ஆளுக்கு ஆள் கிருமி பார்த்துப் பொருத்தவேண்டும்.

இந்தியாவுக்கு இது புதிதில்லை. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதை 1896-இல் ஹான்கின் என்ற விஞ்ஞானி எழுதினார். 1917-இல் ஃபேஜுக்குப் பெயரிட்ட விஞ்ஞானி தெரெல், 1927-இல் இந்தியா வந்து காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ஆன்டிபயாடிக் வந்ததும் உலகின் பெரும்பகுதி இதைக் கைவிட்டது; ஜார்ஜியாவின் திபிலிசி நகரம் விடவில்லை. 2016-இல் அமெரிக்காவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றிலிருந்து ஃபேஜால் மீண்டார். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் கோபால் நாத் குழு, ஆறாத புண்களில் ஃபேஜ் பயன்படுத்தி நல்ல பலன் கண்டதாக 2019-இல் வெளியிட்டது. படுக்கைப்புண்ணோடு போராடுகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் சிறுநீர்த் தொற்றில் திபிலிசியிலேயே முறையாக நடந்த ஒரு சோதனையில், சிறுநீர்ப்பைக்குள் செலுத்திய ஃபேஜ் மருந்தில்லாத திரவத்தைவிட மேலானதாகத் தெரியவில்லை. தட்டில் கொல்வது பைக்குள்ளும் கொல்லும் என்று நம்பிவிட முடியாது. இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களையும் அவற்றில் சேர்க்கவேண்டும்.

இன்றைக்கு நம் ஊர் மருந்துக்கடையில் ஃபேஜ் கிடைக்காது. அதுவரை இதை நினைவில் வையுங்கள். டியூப் போடுகிறவர்களின் சிறுநீரில் கிருமி தென்படுவது சாதாரணம். தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் பொதுவாக அதற்கு மருந்து தேவையில்லை. காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போய், முதல் மாத்திரைக்கு முன்பே, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள்.