பத்தில் ஒன்று பழுதாகும் வரை

பேரிங்கின் ஆயுள் என்று தயாரிப்பாளர் பட்டியலில் அச்சிடப்படும் எண் சராசரி ஆயுளைக் குறிப்பதில்லை. ஒரே வகையைச் சேர்ந்து ஒரே சுமையில் சுழலும் பேரிங்குகளுள் நூற்றுக்குப் பத்து உலோகச் சோர்வினால் பழுதடைவதற்கு ஆகும் காலமே அது. எஃகும் வார்ப்பும் ஒன்றாக இருந்தும் ஆயுள் இவ்வளவு வேறுபடுவதற்கு முதன்மையான காரணம், குண்டுகள் உருளும் தடத்துக்கு அடியில் எஃகினுள் சிக்கிக் கிடக்கும் நுண்ணிய மாசுத் துகள்களிலிருந்து விரிசல் தொடங்குவதும், அத்துகள் எங்கே அமையும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாததும் ஆகும்.

இத்தகைய சிதறலை விவரிக்கும் பரவல் ஒன்றை ஸ்வீடன் பொறியாளர் வாலோடி வைபுல் பொருள்களின் வலிமை குறித்த 1939ஆம் ஆண்டு ஆய்வில் கையாண்டார். 1951இல் வெளியிட்ட கட்டுரையில் எஃகுக்கு மட்டுமன்றி இந்தியப் பருத்தி இழையின் வலிமைக்கும், அவரை இன விதைகளின் அகலத்துக்குங்கூட அதையே பொருத்திக் காட்டினார். அப்பரவலை இரண்டு பண்பளவைகள், அதாவது அதன் உருவத்தை முடிவுசெய்யும் எண்கள், ஆளுகின்றன. எவ்வளவு காலத்தில் 63.2 விழுக்காட்டுப் பொருள்கள் பழுதாகும் என்பதைச் சொல்வது அளவுப் பண்பளவை. பழுதாகும் வேகம் காலப்போக்கில் கூடுகிறதா, குறைகிறதா என்பதைக் காட்டுவது வடிவப் பண்பளவை: அது 1க்குக் கீழே இருந்தால் தொடக்கக் குறைபாடுகளும், 1 ஆக இருந்தால் தற்செயலான பழுதுகளும், 1க்கு மேலே இருந்தால் தேய்மானமும் சோர்வும் மிகும்.

வடிவம் 1.5 எனக் கொண்டு, 10,000 மணி நேரத்தில் 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டுமானால் அளவுப் பண்பளவை ஏறத்தாழ 44,800 மணியாக அமைய வேண்டும். (இதன் சராசரி ஆயுள் 40,000 மணியைத் தாண்டும், சராசரியைக் காட்டி விற்பவரிடம் வாங்குவோர் விழிப்பாக இருப்பது நல்லது.) அதே காலத்துக்கு 95 விழுக்காடு வேண்டுமெனில் அந்த அளவு 72,400 மணியாக, அதாவது சுமார் 1.62 மடங்காக, உயர்ந்தாக வேண்டும். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், சுமையை ஏறக்குறைய 15 விழுக்காடு குறைத்தாலே இந்த உயர்வு கிட்டிவிடும்.

அளவைத் தொடாமல் வடிவத்தை மட்டும் 1.5இலிருந்து 2க்கு அருகே நகர்த்தினாலும் அதே 95 விழுக்காடு வந்துவிடும். தாளில் இது ஓர் இலக்கத்தை அழித்து எழுதும் வேலைதான். ஆலையிலோ துகளற்ற எஃகும், வெப்பப் பதப்படுத்தலில் ஒரே சீரான தன்மையும் தேவைப்படும். மேலும், வடிவம் பெரும்பாலும் பழுதின் தன்மையோடு ஒட்டியது என்பதால், விரும்பியபடி அதை இழுக்க இயலாது. ஆறேழு மாதிரிகளைச் சோதித்துக் கணித்த வடிவத்தில் பிழைக்கு நிறையவே இடமிருப்பதால், இலக்கை எட்டாத கணக்கில் இந்த எண்ணைச் சற்றே கூட்டி எழுதும் சபலம் எழுவதும், எஃகு மாறாமலே நம்பகத்தன்மை உயர்ந்ததாகத் தோன்றுவதும் இங்கேதான்.

இலக்கு 99 விழுக்காடாகும்போது, வடிவம் 1.5 ஆகவே நிற்க, அளவுப் பண்பளவை 4.8 மடங்காக வேண்டும். அதற்குச் சுமையில் சுமார் 41 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்பதாலும், எந்திரம் செய்யும் வேலையை அவ்வாறு குறைப்பது அரிது என்பதாலும், வடிவமைப்பாளர் பெரும்பாலும் 1.7 மடங்கு சுமை தாங்கும் பெரிய பேரிங்கைத் தேர்ந்து, தண்டையும் அதன் கூட்டையும் அதற்கேற்ப மறுபடி வரைகிறார்.