வயலுக்கு இரவில் வரும் விலங்கு எது? மலிவு விலை பிளாஷ் காமிராவைச் சோதித்து வாங்கும் முறை

காட்டோரக் கிராமங்களில் நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிகளுக்கு இரவு நேரச் சேதம் பெருந்தொல்லையாகும். வந்தது காட்டுப்பன்றியா, முள்ளம்பன்றியா, பெருச்சாளியா என்று தெரியாமல் வேலிக்குச் செலவு செய்தால் பணம் வீணாகும். பன்றியைத் தடுக்கும் கம்பி வேலியின் அடியில் முள்ளம்பன்றி தோண்டிக்கொண்டு நுழைந்துவிடும். எலிக்கோ இத்தகைய வேலியால் பயனில்லை. எனவே எந்த விலங்கு, எத்தனை மணிக்கு, எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ‘டிரெயில் காமிரா’ எனப்படும் தானியங்கிக் காமிரா இதற்கு உதவும்.

வட இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920-களிலேயே வழியில் கம்பி கட்டி, புலி அதைத் தட்டியதும் பிளாஷ் எரியும்படி அமைத்துப் படம் எடுத்தார். இன்று கம்பிக்குப் பதில், விலங்கின் உடல் வெப்பத்தையும் அசைவையும் உணரும் கண் ஒன்று காமிராவிலேயே உள்ளது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காமிராவே வயலுக்குப் போதும். ஆனால் பெட்டியில் அச்சிட்டதை அப்படியே நம்பக்கூடாது.

எந்த பிளாஷ் நல்லது?

வெள்ளை ஒளி பிளாஷ் இரவிலும் வண்ணப் படம் தரும். ஆனால் விலங்கு மிரண்டு வேறு வழியாக வரத் தொடங்கலாம். காமிரா இருக்குமிடம் திருடருக்கும் தெரிந்துவிடும். அகச்சிவப்பு பிளாஷ் கறுப்பு வெள்ளைப் படமே தரும். இதில் 850 நானோமீட்டர் வகையில் மங்கலான சிவப்பு ஒளி தெரியும். படம் தெளிவாக இருக்கும். 940 வகையின் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. விலங்கை அடையாளம் காண மட்டும் என்றால் 850 வகையே ஏற்றது.

மெகாபிக்ஸல் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவுக் காமிராக்களில் சிறிய படத்தையே பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டுவது வழக்கம். விலங்கை உணர்ந்தபின் எவ்வளவு விரைவில் படம் எடுக்கிறது என்பதே முக்கியம். ஒரு விநாடிக்கு மேல் ஆனால் வால் மட்டுமே படத்தில் விழும்.

வீட்டிலேயே சோதனை

திருப்பித் தரும் கெடு முடியுமுன் கீழ்க்கண்டவாறு சோதிக்கவும்.

1. காமிராவை இரண்டரை அடி உயரத்தில் கம்பத்தில் கட்டவும். எதிரே 10, 20, 30, 40 அடி தூரங்களில் குச்சி நட்டு, அட்டையில் அந்த எண்களைப் பெரிதாக எழுதி மாட்டவும்.

2. இரவில் ஒவ்வொரு குச்சியின் அருகிலும் ஆட்டைக் குறுக்காக நடத்திச் செல்லவும். எந்த எண் வரை ஆடு தெளிவாகத் தெரிகிறதோ, அதுவே பிளாஷின் உண்மையான எல்லை.

3. இதையே நண்பகலிலும் செய்யவும். கோடையில் தரையின் சூடும் உடலின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், காமிரா உணரும் தூரம் குறையும்.

4. மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து வைத்து, தேதியும் மணியும் சரியாகப் பதிகின்றனவா என்று பார்க்கவும்.

5. பாட்டரி இறங்கினால் இரவுப் படங்கள்தான் முதலில் இருண்டு போகும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்கள் உதவா. ஆல்கலைன் செல்களே போட வேண்டும். இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடவும்.

வயலில் வைக்கும் முறை

கால் தடமும் எச்சமும் உள்ள நுழைவழியில் வைக்கவும். வழிக்கு நேர் குறுக்காக வைக்காமல் சாய்வாக வைத்தால், விலங்கு படத்துக்குள் அதிக நேரம் இருக்கும். கிழக்கு, மேற்குத் திசைகளை நோக்கி வைத்தால் காலை, மாலை வெயில் காமிராவில் நேராக விழும். வடக்கு நோக்கி வைப்பது நல்லது. எதிரே உள்ள புல்லையும் தழையையும் வெட்டிவிட வேண்டும். இல்லையெனில் வெயிலில் சூடேறிய இலைகள் காற்றில் ஆடும்போதெல்லாம் வெறும் படங்களே சேரும். மழைக்கு முன் மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, எறும்பு புகாமல் பார்த்துக்கொள்ளவும். யானை நடமாட்டம் உள்ள வழியில் வைக்க வேண்டாம், உடைத்துவிடும்.

எச்சரிக்கை

காமிராவைச் சொந்த நிலத்தில் மட்டுமே வைக்க வேண்டும். அனுமதியின்றிக் காப்புக் காட்டுக்குள் வைப்பது குற்றம். பெண்கள் குளிக்கும் இடத்தையும் ஒதுங்கும் இடத்தையும் நோக்கி ஒருபோதும் வைக்கக்கூடாது. பிளாஷ் ஒளியால் பன்றி ஓடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். அது விரைவில் பழகிவிடும்.

காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மயில் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. படத்தைப் பார்த்த ஆத்திரத்தில் மின்கம்பத்திலிருந்து வேலிக்கு நேராக மின்சாரம் கொடுத்தால், தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் வீட்டு ஆளே பலியாக நேரிடும். அதற்குப் பதில், தேதி பதிந்த படங்களைச் சேதமான பயிரின் படங்களோடு சேர்த்து வனத்துறை அலுவலகத்தில் மனுவுடன் கொடுக்கவும்.

அடுத்தடுத்து நிலம் உள்ள நான்கைந்து விவசாயிகள் கூட்டாக ஒரு காமிரா வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தினால் செலவு குறையும். விலங்கு இன்னது என்று தெரிந்தபின் அதற்கேற்ற வேலியோ காவலோ அமைத்தால் பணமும் பயிரும் மிஞ்சும்.