பிறர்க்கென வளர்த்தல்

திருநாவலூர் என்றதும் தமிழ் பயில்வோர் நெஞ்சில் சுந்தரர் தோன்றுவர். அவரைப் பெற்றோர் சடையனாரும் இசைஞானியாரும். வளர்த்தவரோ திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்கமுனையரையர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையைக் கண்டு, பெற்றோரிடம் வேண்டிப் பெற்று, அரசிளங்குமரனைப்போல் வளர்த்தனர் என்பது பெரியபுராணம். பிள்ளையின் மணநாளிலோ முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டி, அவன் தமக்கு வழிவழி அடிமை என வழக்கிட்டு, திருவெண்ணெய்நல்லூரவையில் வென்று ஆட்கொண்டனர். வளர்த்தவர் உள்ளம் அன்று பட்டதைச் சேக்கிழார் விரித்துரைத்திலர்.

அவ்வுள்ளத்தை ஒருவாறு உணர வேண்டின், மேனாடுகளில் நடைபெறும் ஒரு வளர்ப்புத் தொண்டினை நோக்கலாம். கண்ணிலார்க்கு வழிகாட்டும் நாய்களைக் குட்டிப்பருவத்தில் வளர்த்துக் கொடுப்பதே அது. நாயை வாயிற்புறத்தே நிறுத்தும் நமக்கு இவ்வொப்புமை சற்று உறுத்தலாம். வளர்த்தார் நெஞ்சம் யாண்டும் ஒன்றேயன்றோ?

முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்பொருட்டு 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி எழுந்தது. அமெரிக்காவில் 'ஸீயிங் ஐ' என்னும் நிலையம் 1929-இல் தோன்றியது. அந்நிலையத்தார் 1942 முதல் நியூஜெர்ஸிச் சிறுவர் சிறுமியரிடம் குட்டிகளை ஒப்புவித்து வளர்க்கலாயினர். கொட்டிலிலேயே வளரும் நாய் படிக்கட்டைக் கண்டால் மருளும். வண்டியோசைக்கும் சந்தைக்கூட்டத்திற்கும் அஞ்சும். ஆதலின் அதற்கு வீடு வேண்டும்.

ஏழெட்டு வாரக் குட்டி வந்து சேர்கிறது. முதலிரவுகளில் தாயை நினைந்து முனகுகிறது; வீட்டார் உறக்கமிழக்கின்றனர். செருப்பைக் கடித்தும் பாயை நனைத்தும் திரிந்த அதுவே, சில திங்களில் கடைவீதியில் கால்மாட்டில் அமைதியாய் நடக்கின்றது. ஓராண்டிற்குச் சற்று மேற்பட்டதும் நிலையத்து வண்டி வாயிலில் வந்து நிற்கும். வாரைப் பிறர் கையில் கொடுத்தல் வேண்டும்.

இது சாவன்று, ஆகவே துக்கம் விசாரிப்பாரும் இலர். "தெரிந்துதானே வளர்த்தீர்கள்?" என்பதே அயலார் கூறும் ஆறுதல். தெரிந்திருத்தல் துயரைக் குறைப்பதில்லை; நாள் எண்ணச் செய்து நீட்டிக்கவே செய்கிறது. அன்பை அளந்து வைத்தால் தப்பலாமோ எனின், அதுவும் இயலாது. நேசிக்கப்படாத குட்டி மனிதரை நம்பாது. நம்பாத நாய் கண்ணிலார்க்குத் துணையாகாது. எவ்வன்பு அதனைத் தொண்டிற்குத் தகுதியாக்குகிறதோ, அவ்வன்பே பிரிவை அரிதாக்குகிறது. மற்றொன்றும் உண்டு: தேர்வில் தவறிய நாயை வளர்த்த வீட்டாரே திரும்பப் பெறலாம். அது தவறிவிடாதா என்னும் ஆசை உள்ளே எழுதலும், அவ்வாசைக்கு நாணுதலும் மனித இயல்பே. நாம் அதனைக் குற்றமெனக் கொள்ளோம்.

நம்மை மறந்துவிடுமோ என்பது இறுதி ஏக்கம். சுந்தரர் தம் நாவலூர்ப் பதிகத்திலே முனையரையர் பெயரை வைத்துப் பாடினர். நாய்க்கு அது கூடாது. எனினும் 'ஸீயிங் ஐ' நிலையத்தார், நாய் பயிற்சி முடிக்குங்கால், நகரத்தெருவில் அது வழிநடத்திச் செல்வதைக் காண வளர்த்தோரை அழைக்கின்றனர். அவர்கள் சேய்மையிலிருந்தே பின்தொடர்வர். தம்மைக் கண்டால் நாயின் கருத்துச் சிதறும் ஆதலின், பெயர் சொல்லி அழையாமல், அது திருப்பத்தில் நின்று, வண்டிகள் கடந்தபின் மறுகரைக்கு நடப்பதைப் பார்த்து நிற்பர்.