முன்னால் நிற்க யார் பழக்குவது?

ஆன்லைன் கூட்டு ஆட்டங்களில், முன்னால் நின்று எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் கிடைக்காமல் காத்துக் கிடப்பது புதிய சங்கதி இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் எதிரிகள் நிறைந்த ஐவர் டஞ்சனுக்குள் போக ஒரு டேங்க், காயம் ஆற்றும் ஒரு ஹீலர், எதிரியை அடிக்கும் மூன்று டேமேஜ் வேண்டும். டேமேஜ் ஆடுபவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். டேங்காக வருகிறேன் என்றவருக்குப் பெரும்பாலும் உடனே கதவு திறக்கும். அடி வாங்குவது அலுப்பான வேலை, பேரெல்லாம் அடிப்பவருக்கே போகிறது, அதனால்தான் ஆளில்லை என்று பலரும் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, ஒருவர் டேங்க் ஆடக் கற்கும் முதல் வாரத்தில் இருக்கிறது. கற்க வந்தவரை அந்த வாரத்திலேயே விரட்டிவிடுகிறோம்.

டேங்க் என்றால் அடி தாங்குபவர் என்று சுருக்கிவிடுகிறோம். தாங்குவதற்குக் கவசம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். எதிரியின் கவனத்தைத் தன்மேலேயே வைத்திருப்பது, அதாவது அக்ரோ பிடிப்பதுகூட இப்போது பெரும்பாடு இல்லை. அதற்கு ஒரு கணக்கு உண்டு: டேங்க் சேர்த்திருக்கும் அச்சுறுத்தலில் 110 சதவீதத்தை அருகில் நின்று அடிப்பவர் தாண்டினாலோ, 130 சதவீதத்தைத் தூரத்தில் நிற்பவர் தாண்டினாலோ பெரிய எதிரியான பாஸ் அவர் பக்கம் திரும்பிவிடும். டேங்கின் அடி இன்று பல மடங்கு அச்சுறுத்தலாகக் கணக்காவதால் அந்தப் பதற்றம் குறைந்துவிட்டது. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. எந்தக் கும்பலை முதலில் இழுப்பது, எத்தனை கும்பலைச் சேர்த்து இழுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் நின்றே மந்திரம் எறிபவர்களைச் சுவர் மூலைக்குப் பின்னால் மறைந்து அருகே வரவழைக்க வேண்டும். டிராகனின் வாய் கூட்டாளிகள் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய அடி விழுவதற்கு ஒரு நொடி முன்பே தற்காப்புத் திறனைத் தட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஹீலரிடம் மந்திரச் சக்தியான மானா எவ்வளவு மிச்சம் என்று ஓரக்கண்ணால் பார்த்து நடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். விரல் வேகத்தைவிட, பின்னால் வருகிற நான்கு பேரை அறிந்து நடக்கிற பக்குவம்தான் இங்கே முக்கியம்.

அந்தப் பக்குவம் மூத்தவர் பக்கத்தில் நின்றால்தான் வரும். பெரிய குழுவாகப் போகும் ரெய்டில் அதற்கு இடம் உண்டு. 2004இல் ஆட்டம் வெளிவந்த காலத்தில் பெரிய ரெய்டு என்றால் 40 பேர். தலைமை டேங்க் பாஸைப் பிடிக்க, துணை டேங்குகள் அதன் அடியாட்களைப் பிடிப்பார்கள். பின்னாளில் இரண்டு டேங்குகள் பாஸை மாறி மாறி வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. ஒருவர்மேல் பாதிப்பு ஏறியதும் மற்றவர் டான்ட் என்ற சீண்டல் திறனைப் போட்டு இழுத்துக்கொள்வார். இரண்டாம் இடத்தில் நிற்கும் புதியவர் பார்த்துப் பார்த்துப் பழகலாம். ஐவர் டஞ்சனில் இரண்டாம் இடமே கிடையாது. முதல் நாளே தனியாள். டேமேஜ் ஆடும் புதியவர் சறுக்கினால் பாஸ் சாகச் சில நொடி கூடும், யாரும் கவனிக்கப் போவதில்லை. டேங்க் சறுக்கினால் ஐந்து பேரும் விழுவார்கள், யாரால் விழுந்தோம் என்பதும் ஐவருக்கும் தெரியும். 2009 டிசம்பரில் ஆள் சேர்க்கும் கருவி வருவதற்கு முன்பு ஒரே சர்வரில் உள்ளவர்கள்தான் அரட்டையில் கூப்பிட்டுக் குழு சேர்ந்தார்கள். நாளையும் அதே முகத்தில் விழிக்க வேண்டும் என்பதால் வாயை அடக்கிக்கொண்டார்கள். கருவி வந்தபின் வெவ்வேறு சர்வர்க்காரர்கள் சில நொடிகளில் ஒன்றாகிறார்கள், அரை மணியில் பிரிகிறார்கள். பிடிக்காதவரை வாக்களித்து வெளியேற்றவும் முடிகிறது. 2016இல் நேரக் கெடு வைத்த டஞ்சன்கள் வந்து, கெடு தவறினால் அவற்றைத் திறக்கும் சாவியின் நிலை இறங்கும் என்றான பிறகு, இருந்த கொஞ்சப் பொறுமையும் போயிற்று. இடையில் 2011இல், ஆள் குறைவான வேலைக்கு வருபவருக்குத் தங்கக் காசும், வாய்த்தால் அரிய வாகனமும் கிடைக்கும் பை ஒன்றைப் பரிசாக அறிவித்தார்கள். பரிசுக்காக வருபவர் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர். பயந்து ஒதுங்கி நிற்பவரின் பயத்தை அந்தப் பை என்ன செய்துவிடும்?

ஒருவர் பழகுவதற்காக முன்பின் தெரியாத நான்கு பேர் ஏன் நேரத்தை இழக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நால்வரும் இதுவரை முடித்த ஒவ்வொரு டஞ்சனிலும், எங்கோ சில கூட்டாளிகளை விழவைத்து விழவைத்துக் கற்ற ஒரு டேங்க்தான் முன்னால் நடந்திருக்கிறார். கணினியே இயக்கும் துணைவர்களோடு பழகிவிட்டு வரட்டும் என்று இன்னொரு யோசனை சொல்கிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இன்னொரு ஆட்டத்தில் 2019இலும், வார்கிராஃப்டில் 2024 ஜனவரியிலும் அப்படிப்பட்ட துணைவர்கள் வந்துவிட்டார்கள். வழியையும் பாஸின் வித்தைகளையும் அவர்களோடு கற்றுக்கொள்ளலாம். அந்த அளவில் நல்லதே. ஆனால் அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். டேங்கை முந்திக்கொண்டு அடுத்த கும்பலை இழுத்துவிட மாட்டார்கள், ஒரு சாவுக்குக் கோபித்து வெளியேற மாட்டார்கள். நிஜக் குழுவில் நடப்பது இவையெல்லாம்தான். தனியறையில் நூறு முறை வென்றவர், நான்கு நிஜ மனிதர்களைக் கண்டதும் திணறுவார். என் பெரிய கவலையும் இதுதான். கற்பவரை நம் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, தேறியவர் மட்டும் நம்மிடம் வரட்டும் என்று பழகிவிட்டால், அடுத்தவர் தடுமாறும்போது பக்கத்தில் நிற்கிற வழக்கமே நம்மிடமிருந்து போய்விடும். டேங்க் என்ற வார்த்தையே கேட்டிராத இடங்களிலும் இளையவர்கள் பக்கத்தில் நிற்க ஆளில்லாத இதே நிலையைச் சந்திக்கப் போகிறார்கள்.

ஓவர்வாட்ச் என்ற அணி ஆட்டத்தில் வந்த மாற்றத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2019இல் வேலை வாரியாக வரிசை வந்தபோது ஒரு அணிக்கு இரண்டு டேங்குகள். 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் அணி ஐந்து பேரானது, டேங்க் ஒன்றானது. ஆட்டம் விறுவிறுப்பானது என்பவர்கள் உண்டு. துணைக்கு நின்று கற்கும் இடம் போனதும், தோல்விப் பழி முழுக்க ஒருவர் தலையில் இறங்கியதும் அதே மாற்றத்தில்தான். இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஃபைனல் ஃபேன்டஸி 14இல் இருக்கிறது. அந்த டஞ்சனை இதுவரை முடிக்காத ஒருவர் குழுவில் இருந்தால், ஆட்டம் தொடக்கத்திலேயே அதை எல்லோருக்கும் அறிவித்து, முடித்ததும் குழு முழுவதற்கும் கூடுதல் வெகுமதி தருகிறது. யார் அந்தப் புதியவர் என்று காட்டுவதில்லை. இறுதியில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒருவருக்குப் பாராட்டும் அளிக்கலாம். புதியவர் அங்கே சுமையாக வருவதில்லை; வரவாக வருகிறார். இந்த ஒரு ஏற்பாட்டைப் பிற ஆட்டங்களும் எடுத்துக்கொள்ளலாம். தொடக்கநிலை டஞ்சன்களிலாவது இரண்டாவது டேங்குக்கு ஓர் இடம் ஒதுக்கி, அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தலாம். அதுவரை, உள்ளே நுழைந்ததும் "முதல் தடவை டேங்க் ஆடுகிறேன், கொஞ்சம் மெதுவாகப் போவோம்" என்று அரட்டையில் ஒருவர் தட்டினால், "சரி, நீங்க இழுங்க, நாங்க பின்னாடி வர்றோம்" என்று பதில் போட யாருக்கும் ஐந்து நொடிக்கு மேல் ஆகாது.