சொல்லும் சூழலும்

நுழையும்முன்

காட்டைக் காப்பதும் அழிப்பதும் மனிதரின் செயல்கள். அச்செயல்களுக்கு வழிகாட்டுவன அரசின் கொள்கைகள். கொள்கைகள் எழுதப்படுவதோ சொற்களால். ஒரு நிலத்திற்கோ உயிரினத்திற்கோ சூட்டப்படும் பெயர், அதன் வாழ்வையும் அதைச் சார்ந்த மக்களின் வாழ்வையும் மாற்றவல்லது. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் சொல்லும்

மரத்தை வெட்ட இசைவு பெற வேண்டும் என்று ஒரு சட்டம் கூறுமாயின், மரம் எது என்பதையும் அச்சட்டம் தெளிவுபடுத்த வேண்டும். வரையறைக்குள் அடங்குவதற்கு ஒரு விதி. அடங்காததற்கு வேறு விதி. ஆகவே, சுற்றுச்சூழல் கொள்கையை ஆராய்வோர் அதில் பயிலும் சொற்கள் எப்பொருளில் ஆளப்படுகின்றன என்பதை முதலில் காண வேண்டும். இதற்கு மூன்று சொற்களின் வரலாறு சான்றாகிறது.

புல்லா, மரமா?

மூங்கில் புல் குடும்பத்தைச் சார்ந்தது என்பது தாவரவியல் கூறும் உண்மை. தொல்காப்பிய மரபியலும் வெளிப்புறம் வன்மையுடைய தாவரங்களைப் புல் என்றும், உட்புறம் வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுத்துள்ளது. உள்ளே துளையும் வெளியே உறுதியும் கொண்ட மூங்கில் இப்பகுப்பின்படியும் புல்லே ஆகும். ஆனால், 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், 'மரம்' என்பதன் வரையறைக்குள் மூங்கிலையும் சேர்த்தது. இதனால், மூங்கிலை வெட்டுவதும் பிற இடங்களுக்குக் கொண்டுசெல்வதும் மரத்திற்குரிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டன. கூடை முடைந்து வாழ்வோரும், தம் நிலத்தில் மூங்கில் வளர்ப்போரும் அரசின் இசைவை எதிர்நோக்கும் நிலை ஏற்பட்டது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்களுள் ஒன்றாக வரையறுத்தது. காடுவாழ் மக்கள் மரபாகச் சேகரித்துவரும் அப்பொருள்களின் மீது அவர்களுக்கு உரிமையையும் வழங்கியது. மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேண்டா லேகா என்னும் சிற்றூர், 2011ஆம் ஆண்டில் தன் காட்டு மூங்கிலை விற்கும் உரிமையைப் பெற்றது. பின்னர் 2017ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், வனச் சட்டத்தின் மர வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது. தாவரம் மாறவில்லை, சட்டத்தில் அதன் பெயர் மாறுவதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

காடு என்பது எது?

காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டிற்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் இசைவு வேண்டும் என்று 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. ஆயினும், 'காடு' என்னும் சொல்லை அச்சட்டம் வரையறுக்கவில்லை. காப்புக்காடு என அரசு அறிவித்த பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும் என்ற கருத்து நிலவியது.

இந்நிலையில், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, கோதவர்மன் திருமுல்பாடு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் அளித்த ஆணையில், காடு என்பதை அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றும், நிலத்தின் உரிமையாளர் யாராயினும் அச்சட்டம் பொருந்தும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு சொல்லின் பொருள் விரிந்தபோது பாதுகாப்பின் எல்லையும் விரிந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பின் அதே வினா மீண்டும் நீதிமன்றத்தை அடைந்தது. 1996ஆம் ஆண்டு ஆணையின் பொருளையே இடைக்காலத்தில் பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அறிவுறுத்தியது.

பயனற்ற நிலமா?

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலத்தின் மதிப்பு, அது தரும் வரியைக் கொண்டே பெரிதும் அளக்கப்பட்டது. உழவு நடைபெறாத, வரி தராத நிலம் வீண்நிலம் எனக் கருதப்பட்டது. இப்பார்வை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. ஒன்றிய அரசு வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பில் சதுப்பு நிலங்களும் ஒரு பிரிவாக இடம்பெற்றன.

இப்பார்வையின் விளைவைச் சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணையில் காணலாம். சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி அனுப்பும் இச்சதுப்பு நிலத்தை மக்கள் கழுவேலி என்றனர். வெள்ளநீர் தங்கும் இடம் என்னும் அறிவு அப்பெயரில் அடங்கியிருந்தது. பயனற்ற நிலமாக அது கருதப்பட்டபோது, குப்பை கொட்டும் இடமாயிற்று. சாலைகளும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியில் எழுந்தன. 2015 டிசம்பர் பெருமழையில், நீர் தங்க இடமின்றிச் சுற்றுப்புறக் குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின.

> தெரிந்து தெளிவோம்
>
> பள்ளிக்கரணையில் 317 எக்டேர் பரப்பு 2007ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,247 எக்டேர் பரப்பு, பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஈரநிலங்களைக் காப்பதற்கான இவ்வுடன்படிக்கை, 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தானது.

தொடரமைப்பும் பொறுப்பும்

சொல்லைப் போலவே தொடரமைப்பும் கருத்தை உருவாக்கும். 'ஏரி சுருங்கியது' என்னும் தன்வினைத் தொடர், அந்நிகழ்வு தானே நடந்தது என்னும் எண்ணத்தைத் தருகிறது. 'ஏரி சுருக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினைத் தொடர், அதனைச் செய்தவர் உண்டு என்பதை உணர்த்தினும் அவர் யார் எனக் கூறவில்லை. 'கட்டடம் எழுப்பியோர் ஏரியைச் சுருக்கினர்' என்னும் தொடரிலேயே பொறுப்புக்குரியவர் வெளிப்படுகின்றனர். இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் யார் என்னும் வினாவிற்கு முதலிரு தொடர்களிலும் விடையில்லை. ஆகவே, அரசு அறிக்கையையோ நாளிதழ்ச் செய்தியையோ படிப்போர் எழுவாயைத் தேடிக் காணும் பழக்கத்தைக் கொள்ளுதல் வேண்டும்.

நிறைவுரை

பெயர்மாற்றம் ஒன்றே நிலத்தைக் காத்துவிடாது. காப்புக்காடு என்னும் பெயர் பெற்ற பின்னும் பள்ளிக்கரணைக்கு இடையறாத கண்காணிப்புத் தேவைப்படுகிறது. எனினும், காக்கத்தக்கது என்று சட்டம் ஒரு நிலத்தை ஏற்ற பின்னரே, அதற்காக மக்கள் நீதிமன்றத்தை நாட வலுவான அடிப்படை கிடைக்கிறது. ஒரு நிலத்தைப் பயனற்றது என்று ஓர் ஆவணம் குறிக்கும்போது, யாருக்குப் பயனற்றது என்று வினவ வேண்டும். அங்கு மேயும் ஆட்டிற்கா, தங்கும் பறவைக்கா, அந்நிலம் தேக்கும் நீரை நம்பி வாழும் ஊருக்கா? இவ்வினாவை எழுப்பும் மொழியறிவு, சூழலைக் காக்கும் பணியின் இன்றியமையாத பகுதியாகும்.