எஞ்சின் மாற்றத்திற்கான தானியங்கி கியர் பெட்டி

எஞ்சின் மாற்றம் என்பது ஒரு வாகனத்தின் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வகை எஞ்சினைப் பொருத்துவதாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997-இல் கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய எல்எஸ் வகை வி8 எஞ்சின்கள், அமெரிக்காவில் பழைய கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் பரவலாகப் பொருத்தப்படுகின்றன. இவற்றுக்கான தானியங்கி கியர் பெட்டியை வலிமையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது. எஞ்சினின் சுமை பற்றிய தகவல் கியர் பெட்டிக்கு எந்த வழியில் கிடைக்கிறது என்பதும் முக்கியமாகும்.

சுமைத் தகவலின் தேவை

கியர் பெட்டிக்குள் உள்ள கிளட்ச் தட்டுகளை எண்ணெய் அழுத்தம் இறுக்கிப் பிடிக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது இந்த அழுத்தமும் உயர வேண்டும். உயராவிட்டால் தட்டுகள் வழுக்கி, சூடேறிக் கருகிவிடும்.

வகைகள்

- டர்போ 400 (1964): மூன்று கியர்கள் கொண்டது. எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு சுமையை அறிகிறது. கணினி தேவையில்லை. ஓவர்டிரைவ் இல்லாததால் நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகமாகச் சுழலும்.
- 700ஆர்4 (1982): நான்கு கியர்கள் கொண்டது. முதல் கியர் விகிதம் 3.06; நான்காவது 0.70. த்ராட்டிலுடன் இணைந்த கேபிள் சுமையைத் தெரிவிக்கிறது.
- 4எல்60-இ (1993): 700ஆர்4-இன் மின்னணு வடிவம். 4எல்80-இ (1991) டர்போ 400-இன் வழிவந்தது; எடை அதிகம், வலிமையும் அதிகம். இரண்டிற்கும் கட்டுப்பாட்டுக் கணினி தேவை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

எல்எஸ் எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனை, பழைய ஸ்மால் பிளாக் எஞ்சினைவிட ஏறத்தாழ 10 மி.மீ. குட்டையானது. ஆகவே பழைய கியர் பெட்டியை இணைக்கும்போது இடைவளையம் தேவைப்படும். டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய்ப் பம்பில் முழுமையாக அமர்ந்த பிறகே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். இல்லையெனில் பம்ப் உடைந்துவிடும். அமர்ந்த நிலையில் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே சுமார் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும்.

குறைகளும் காரணங்களும்

- 700ஆர்4-இல் கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறினால் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஓட்டுவதற்குச் சுகமாகத் தோன்றினாலும் அழுத்தம் குறைவாக இருப்பதன் அறிகுறி இது. தொடர்ந்து ஓட்டினால் நல்ல கியர் பெட்டியும் விரைவில் பழுதாகும்.
- டர்போ 400-இல் கியர் தாமதமாகவும் உதைப்புடனும் மாறினால் வெற்றிடக் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கலாம்.
- மின்சாரம் துண்டிக்கப்பட்டால் டி நிலையில் 4எல்60-இ மூன்றாவது கியரிலும், 4எல்80-இ இரண்டாவது கியரிலும் நின்றுவிடும். முதலில் ஃபியூஸையும் மின்கம்பி இணைப்பையும் சோதிக்க வேண்டும்.
- எண்ணெய் கருத்துக் கருகல் வாடை வீசினால் தட்டுகள் எரிந்துள்ளன. பால்போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் நீர் கலந்துள்ளது.

எஞ்சின் மாற்றத்திற்குப் பின் தோன்றும் கோளாறுகளில் கியர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் எண்ணெய் அளவையும், கேபிள், வெற்றிடக் குழாய், மின் இணைப்பு ஆகியவற்றையும் சரிபார்ப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.